ஃபேமிலிசர்ச்: பெயரை விட்டு ஊரைப் பிடியுங்கள்

முன்னோரைத் தேடும் பலர் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தின் தேடல் பெட்டியில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தட்டுகிறார்கள். வந்து குவியும் விடைகளைக் கண்டு மலைத்து அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு போடுவேன். உள்ளே இருக்கும் கேட்டலாக் பகுதிக்கு முழு மதிப்பெண்.

என் மருமகளின் தாய்வழியினர் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஒரு சிற்றூர்க்காரர்கள். குடியேற்றக் காலத்து வேர்களைத் தோண்டும் வேலை, பத்திரம் எழுதியே காலம் தள்ளிய என் தலையில் வந்து விழுந்தது. தளத்தை நடத்துவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள மோர்மன் கிறித்தவ சபை. 1938 முதல் அவர்கள் ஊர் ஊராகப் போய் மைக்ரோஃபிலிம் எடுத்த ஆவணங்கள் ஏறக்குறைய 24 லட்சம் சுருள்கள். அவற்றை டிஜிட்டலாக்கும் பணி 2021இல் முடிந்தது. கட்டணம் கிடையாது, கணக்கு தொடங்கினால் போதும்.

கேட்டலாக்கில் ஊர்ப்பெயரைக் கொடுத்தால் அந்த ஊருக்கு என்னென்ன ஏடுகள் படமாக இருக்கின்றன என்பது தெரியும். ஊர் எழுத்தரின் பிறப்பு, மணப் பதிவுகள், தேவாலய ஏடுகள், உயில்கள் எல்லாம் இதில் அடக்கம். ஊர் சிக்கவில்லையென்றால் அன்று அது எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்று பாருங்கள். இன்றைய மெய்ன் மாநிலம் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி. எந்த மாவட்டம் எப்போது பிரிந்தது என்பதைத் தளத்தின் விக்கியே சொல்லிவிடுகிறது.

என்னைக் கட்டிப்போட்டவை நிலப் பத்திரங்கள். 'வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, கற்குவியல் வரை' என்று நான்கெல்லை ஓடுகிறது. தூரம் ராடு கணக்கில், ஒரு ராடு பதினாறரை அடி. எல்லையில் பக்கத்து நிலக்காரரின் பெயர், கீழே சாட்சிகளின் பெயர்கள். பெண்களின் பெயர் அகப்படாத குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கணவன் நிலத்தை விற்கும்போது மனைவி தன் விதவைப் பங்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிடுவது அங்கே வழக்கம். எழுதத் தெரியாதவள் கீறல் போட்டிருப்பாள், பக்கத்தில் அவள் பெயர் இருக்கும். ஆனால் அது அவளே போட்ட கீறல் என்று உருகிவிட வேண்டாம். பதிவேட்டில் இருப்பது பதிவாளர் எடுத்த நகல்தான்.

2024இல் வந்த முழு உரைத் தேடல் பழைய கையெழுத்தை இயந்திரமே வாசித்துத் தருகிறது. சொந்தமாகக் காணி நிலம் இல்லாமல், அடுத்தவர் பத்திரத்தில் சாட்சியாக மட்டும் நின்ற ஆளையும் இது பிடித்துக் கொடுத்துவிடும். பழைய அட்டவணைகளில் வாங்குபவர், விற்பவர் பெயர்கள்தாம் இருக்கும். சாட்சியை யார் சேர்த்தார்கள்? இயந்திரம் தடுமாறும் இடமும் உண்டு. அக்காலத்தில் எஸ் எழுத்தை எஃப் போல நீட்டி எழுதுவார்கள். அதனால் பெயரை இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்ப்பது நல்லது. 1752க்கு முந்தைய தேதிகளிலும் கவனம் தேவை. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அப்போது ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். 'பிப்ரவரி 1731/32' என்று கண்டால் எழுத்துப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், பழைய கணக்கில் அது 1731, இன்றைய கணக்கில் 1732.

குடும்ப மரம் பகுதியை நான் வதந்தி அளவுக்கே மதிக்கிறேன். உலகம் முழுவதற்கும் ஒரே மரம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரு பெயரின் கீழ் ஆவணம் இணைக்கப்பட்டிருந்தால் அதைத் திறந்து படியுங்கள், இல்லையென்றால் அடுத்த கிளைக்குத் தாவுங்கள். சில படங்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. அவர்களுடைய மையத்துக்கோ இணைந்த நூலகத்துக்கோதான் போக வேண்டும். போகும்போது சுருள் எண்ணையும் பட எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள்.