மெதுவான பாட்டுக்கு ஒரு தம்புராப் பெட்டி: ரங்கூனில் ஆறு மாதம் வைத்துப் பாடியதில்

சென்னையிலிருந்து வந்த சித்தியிடம் சொல்லி, பாட்டுக்குச் சுருதி போடும் ஒரு எலக்ட்ரானிக் தம்புரா வாங்கிவரச் செய்தேன். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுதான் இருக்கும், விலை 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆறு மாதமாகத் தினமும் காலையில் இதை வைத்துத்தான் பாடுகிறேன். நல்ல பெட்டி, வாங்கலாம். ஒரு குறை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

போனிலேயே தம்புரா ஆப் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், நானும் இரண்டு வருஷம் ஆப் வைத்துத்தான் சமாளித்தேன். ஆனால் எனக்குப் பாடமே போனில்தான் நடக்கிறது, டீச்சர் கும்பகோணத்தில் இருக்கிறார். அப்புறம், போன் ஸ்பீக்கரில் மந்தர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி ‘ஸ’, சரியாக வராது, மேலே உள்ள கணீர் மட்டும் கேட்கும், அடியில் ஒன்றுமே இருக்காது. பயிற்சிப் பாட்டான வர்ணம் பாடிக்கொண்டிருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தெரியவைத்தது முத்துசுவாமி தீட்சிதரின் ‘பாலகோபால’ கீர்த்தனை.

பைரவி ராகம், ஆதி தாளம், விளம்ப காலம், அதாவது மெதுவான வேகம். குழந்தைக் கண்ணன் பெயரில் தொடங்குகிறதே, துள்ளலாக இருக்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். துள்ளலே கிடையாது. டீச்சர் சொல்லிக்கொடுத்தது இரண்டு களையில், அதாவது எட்டு அட்சரத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் போட்டு ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, பதினாறு தட்டு. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒரு ஆவர்த்தனம் முடிய 15 வினாடி ஆகிறது. அந்த 15 வினாடியில் வார்த்தை ரொம்பக் குறைவு, மீதியெல்லாம் ஸ்வரத்தை நீட்டும் கார்வையும் அசைக்கும் கமகமும்தான். தீட்சிதர் வீணை வாசித்தவர், சரணத்தில் தன் கையெழுத்து மாதிரியான ‘குருகுஹ’ முத்திரையை வைக்கும் இடத்திலேயே வைணிகர் (வீணை வாசிப்பவர்), பாடகர் என்ற சொற்களையும் சேர்த்துத்தான் வைக்கிறார். ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கிற பொறுமை பாட்டு முழுக்க இருக்கிறது. என் காதுக்கு அது சோகம் இல்லை, கோயிலில் திரை விலகும்வரை நிற்போமே, அந்த மாதிரி ஒரு கனம்.

இந்த மாதிரிப் பாட்டில் ஒளிய இடம் கிடையாது. பைரவியில் ‘த’ என்ற ஸ்வரம் இரண்டு விதம்: ஏறும்போது உயரமான சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது தாழ்ந்த சுத்த தைவதம். சுத்த தைவதம் பஞ்சமத்துக்கு (‘ப’) அரைப்படி மேலேதான் நிற்கிறது, தம்புராவில் பஞ்சமத் தந்தி விடாமல் ஒலிக்கிறது. வேகமாகப் பாடினால் ஒரு அசைவில் கடந்துவிடுவோம். மெதுவாக இறங்கும்போது கொஞ்சம் சோம்பல் பட்டாலும் தைவதம் பஞ்சமத்தின்மேல் போய்ச் சரிந்துவிடும். இந்தப் பெட்டியில் பஞ்சமமும் மந்தர ஸட்ஜமும் தெளிவாக, நல்ல ரீங்காரத்தோடு விழுவதால் அந்தச் சரிவு அந்த நொடியே கேட்கிறது. முதல் வாரம் முழுக்க ‘ஸ நி த ப’ என்ற நாலு ஸ்வரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த ஒன்றுக்காகவே பெட்டிக்குக் கொடுத்த காசு தகும்.

அடுத்தது ரங்கூனில் இருப்பவர்களுக்கு. இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீடு அனவ்ரதா ரோட்டுப் பக்கம், காளி கோயிலிலிருந்து நடக்கிற தூரம். கரண்ட் போனதும் கீழே கடைக்காரர்கள் நடைபாதையில் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார்கள், பாவம், அவர்களும் என்ன செய்வார்கள். நான் பாடும் சுருதி 5½ கட்டை. பல்லவி முடிவதற்குள் டீச்சர், “எங்கேம்மா இறங்கிட்ட?” என்பார். எனக்கோ சரியாகப் பாடுவதாகத்தான் தோன்றும். எலக்ட்ரீஷியனாக இருக்கும் தம்பிதான் காரணம் சொன்னான். 50 சைக்கிள் கரண்டுக்கு ஓடும் ஜெனரேட்டரின் உறுமலில் நொடிக்கு 100 அதிர்வு பலமாக இருக்கும், என் மந்தர ஸட்ஜம் ஏறக்குறைய 104. தெருவே எனக்கு ஒரு தப்பான தம்புரா போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, நானும் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்! போனில் அடி ஒலி இல்லாததால் காது ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டது. இப்போது பெட்டியை மரப் பெஞ்சில் முழங்கையருகே வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடுகிறேன். தாண்டிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் டீச்சர் அந்தக் கேள்வி கேட்டு ஒரு மாதம் ஆகிறது.

மீட்டும் வேகத்துக்குத் தனித் திருகு இருக்கிறது. புதிதில் அதைத் தாளத்தோடு ஒட்டி வைத்துவிட்டேன், வசதியாக இருக்கும் என்று. அது பெரிய தப்பு. தம்புராவுக்கும் தாளத்துக்கும் சம்பந்தம் இருக்கவே கூடாது என்று டீச்சர் திட்டினார். அவர் சொன்னது சரிதான், பத்து ஆவர்த்தனம் போவதற்குள் என் கை தட்டுவதை விட்டுவிட்டுப் பெட்டியின் மீட்டலை எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது தாளத்தோடு எங்கேயும் சேராத ஒரு வேகத்தில் விட்டிருக்கிறேன். பாட்டின் காலத்தை நான்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

குறை என்னவென்றால், சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகு ரொம்ப இளக்கம். துடைக்கிற துணி பட்டாலே நகர்ந்துவிடுகிறது, இரண்டு தரம் அப்படி நகர்ந்தது தெரியாமல் அரைமணி நேரம் பாடியிருக்கிறேன். சின்ன டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். வால்யூமை முழுக்கத் திருப்பினால் ஸ்பீக்கர் கொஞ்சம் அதிர்கிறது, பாதிக்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

வாங்கச் சொல்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அடாப்டரில் மட்டும் ஓடும் மாடலும் இருக்கிறது, அது நமக்கு ஆகாது. பேட்டரி செல் போடும் மாடலா என்று கடையிலேயே திறந்து பார்த்து வாங்கச் சொல்லுங்கள். என்னுடையதற்கு ஆறு செல். சார்ஜ் செய்கிற செல்லாக இரண்டு செட் வைத்திருக்கிறேன், கரண்ட் வரும் நேரத்தில் ஒரு செட் சார்ஜில் இருக்கும், இன்னொன்று பெட்டிக்குள்.