யாருடைய நேற்று? ஏர்ஃப்ளோ பாராமீட்டர்களோடு நான்கு ஆண்டுகள்

ஏர்ஃப்ளோ என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் மென்பொருள். அதில் நான் எழுதிய முதல் ஜாப்பில் பாராமீட்டர் (ஓடும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) என்று ஒன்றும் கிடையாது. இன்றைய தேதியை எடு, ஒன்றைக் கழி, அந்த நாளின் விற்பனையைக் கடைகளின் டேட்டாபேஸிலிருந்து இழுத்து வேர்ஹவுஸில் (அலசலுக்கான தனி டேட்டாபேஸ்) சேர். தினமும் ராத்திரி ஒரு மணிக்கு ஓடும். ஐந்து மாதம் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நெட்வொர்க் கோளாறில் ஜாப் நின்றுபோனது. திங்கள் காலையில் அந்த ரன்னை (ஜாப்பின் ஒரு தடவை ஓட்டம்) கிளியர் செய்து மறுபடி ஓடவிட்டேன். பச்சை விழுந்தது, நானும் டீ குடிக்கப் போய்விட்டேன். பத்து மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து போன். "என்னப்பா, வியாழக்கிழமை கடையே திறக்கலையா?" ரன் வெள்ளிக்கிழமையுடையதுதான். ஆனால் என் ஸ்கிரிப்ட் கேட்டது சுவர்க் கடிகாரத்தை. திங்களன்று ஓடியதால் ஞாயிற்றுக்கிழமை விற்பனையை எடுத்து வந்துவிட்டது. ஞாயிறு இரண்டு முறை ஏறியிருந்தது, வியாழன் காலி.

தேதியைக் கடிகாரத்திடம் கேட்கக் கூடாது, ஷெட்யூலிடம் கேட்க வேண்டும் என்பது அன்று புரிந்தது. அப்போதைய ஏர்ஃப்ளோ ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு கால இடைவெளியை ஒட்டிவைக்கும். கடையைச் சாத்திய பிறகுதானே அன்றைய கணக்கை முடிக்க முடியும்? அதே யோசனைதான்: இடைவெளி முடிந்த பிறகே அதற்கான ரன் கிளம்பும். பல நாள் கழித்து மறுபடி ஓட்டினாலும் அந்த ரன்னின் இடைவெளி மாறாது. பழைய பதிப்புகளில் இதன் தொடக்கத்துக்கு எக்ஸிகியூஷன் டேட் என்று பெயர். ஓடிய தேதி இல்லாத ஒன்றுக்கு அப்படி ஒரு பெயர்! 2021இல் வந்த 2.2 பதிப்பில்தான் டேட்டா இன்டர்வல் ஸ்டார்ட், டேட்டா இன்டர்வல் எண்ட் என்று புரியும்படி பெயர் வைத்தார்கள்.

சரி, பாராமீட்டருக்கு மாறினோம். எஸ்க்யூஎல்லில் (டேட்டாபேஸைக் கேட்கும் மொழி) தேதி வரும் இடத்தில் டி.எஸ். என்ற டெம்ப்ளேட்டைப் போட்டேன். டெம்ப்ளேட் என்றால் சுருள் அடைப்புக்குறிக்குள் எழுதும் பெயர், ஓடும்போது ஏர்ஃப்ளோ அங்கே மதிப்பை நிரப்பும். அடுத்த நாளே இன்னொரு குழப்பம்: ஜாப் நேற்றைய விற்பனைக்குப் பதிலாக முந்தாநாள் விற்பனையை எடுக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஜூன் 3 ராத்திரி 1 மணிக்கு நம் ஊரில் ஜாப் ஓடுகிறது. யூடிசியில் (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி பின்னால்) அது ஜூன் 2, இரவு 7.30. அந்த ரன்னின் இடைவெளி ஒரு நாள் முன்னால், ஜூன் 1 இரவு 7.30க்குத் தொடங்குகிறது. டி.எஸ். அந்தத் தொடக்கத்தின் யூடிசி தேதி, அதாவது ஜூன் 1. எனக்கு வேண்டியதோ ஜூன் 2. டாகுக்கு (ஏர்ஃப்ளோவில் ஜாப்பின் வரையறை) ஏஷியா/கொல்கத்தா என்று நேர மண்டலம் கொடுத்துத்தான் இருந்தேன். அது ஜாப் கிளம்பும் நேரத்தைத்தான் சரிசெய்யும், டெம்ப்ளேட்டுக்குள் வரும் நேரம் யூடிசியாகவே இருக்கும். இன்டர்வல் ஸ்டார்ட்டை நம் நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து தேதியைப் பிரித்த பிறகே சரியானது. காலை ஆறு மணிக்கு ஓடும் ஜாப் என்றால் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. ஐந்தரைக்கு முன்னால் ஓடுபவைதான் மாட்டும்.

கூடவே, இன்சர்ட்டுக்கு முன் அந்த நாளின் வரிசைகளை அழிக்கும் ஒரு டெலீட்டையும் சேர்த்தேன். எத்தனை தடவை ஓட்டினாலும் ஞாயிறு இரண்டாக ஏறாது. இந்த இரண்டும் இருந்ததால், பின்னால் வரி விகிதம் ஒன்று தவறாகப் பதிவாகி மூன்று மாத விற்பனையைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தபோது ஒரு வரி கோடுகூட மாற்றவில்லை. பேக்ஃபில் (பழைய நாட்களின் ரன்களைத் திரும்ப ஓட்டுவது) கொடுத்து, ஒரே நேரத்தில் இரண்டு ரன்னுக்கு மேல் போகாதபடி கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கையால் கொடுக்கும் பாராமீட்டர்களில் வேறு மாதிரி அடி. முழு டேபிளையும் எடுக்கவா என்று கேட்க, ஃபால்ஸ் (இல்லை) என்ற இயல்புநிலை மதிப்போடு ஒரு பாராமீட்டர் வைத்தேன். டெம்ப்ளேட் வழியாக வரும்போது அது வெறும் எழுத்துச்சரமாக மாறிவிடுகிறது. பைத்தானுக்குக் காலியில்லாத எந்தச் சரமும் உண்மைதான், அதில் ஃபால்ஸ் என்றே எழுதியிருந்தாலும். ஆறு நிமிட ஜாப் ஒன்பது நாளாகத் தினமும் நாற்பது நிமிடம் ஓடியது. டேட்டா சரியாகவே இருந்ததால் யாரும் கேட்கவில்லை. டாகில் நேட்டிவ் ஆப்ஜெக்ட்டாக (எழுத்துச்சரமாக்காமல் அசல் வகையிலேயே) ரெண்டர் செய் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் தீர்ந்தது. தேதி பாராமீட்டருக்கு வடிவம் 'டேட்' என்று குறிப்பிட்டதும் இன்னொரு நல்ல காரியம். ட்ரிகர் திரையில் காலண்டரே வந்துவிடும், 03/04 ஏப்ரலா மார்ச்சா என்ற பஞ்சாயத்து இல்லை.

இன்னொன்று: எல்லா ஃபீல்டும் டெம்ப்ளேட்டை ஏற்காது. ஏற்காத ஒன்றில் போட்டுவிட்டு, சுருள் அடைப்புக்குறிகளோடு அப்படியே ஒரு ஃபோல்டர் உருவாகி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஏர்ஃப்ளோ வேரியபிள்களை (எல்லா ஜாப்புக்கும் பொதுவாக டேட்டாபேஸில் வைக்கும் மதிப்புகள்) இப்போது இதற்குத் தொடுவதில்லை. மார்ச் மாத ரன்னைத் திரும்ப ஓட்டினால் இன்றைய மதிப்புதான் வரும். அன்றைக்கு என்ன இருந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. வேரியபிளைப் படிக்கும் வரியை ஃபங்ஷனுக்கு வெளியே எழுதிவைத்தால், டாக் ஃபைலைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் அது டேட்டாபேஸைத் தட்டும்.

கடைசியாக ஒன்று: 2025இல் வந்த 3.0 பதிப்பு. எக்ஸிகியூஷன் டேட்டை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள், நல்லது. ஆனால் சத்தமில்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது: சாதாரண க்ரான் ஷெட்யூல் (தினமும் ஒரு மணிக்கு என்பது போன்ற நேர அட்டவணை) இப்போது தானாக இடைவெளியை உருவாக்காது. ஸ்டார்ட், எண்ட் இரண்டுமே ஓடும் நேரம்தான். என் ஜாப்கள் எல்லாவற்றிலும் முதல் டாஸ்க் (ஜாப்பின் ஒரு படி) லாகில் ஒரு வரி எழுதும்: எடுக்கும் நாள் இது என்று. டெஸ்ட் சர்வரில் அப்கிரேட் செய்த முதல் ரன்னில் அந்த வரி நேற்றைய தேதிக்குப் பதில் இன்றைய தேதியைக் காட்டியது. க்ரானுக்கு இடைவெளி உருவாக்கும் பழைய அமைப்பை கான்ஃபிகில் திரும்ப ஆன் செய்தேன். கணக்குப் பிரிவிலிருந்து போன் வரவில்லை.