ஆம்ப் பெரிசு, சப் சிறிசு: பவரை எங்கே கட்டுவது?

கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் குமுளி மலை ஏறுகிற ஜீப்புகளில் எங்களுடையதும் ஒன்று. லோயர் கேம்ப் தாண்டி ஒரு வளைவில் சப் (பேஸ் ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர்) வாயை மூடிக்கொண்டது. கூடவே அரக்கு கருகிய வாடை. இறங்கிக் கோனை அமுக்கிப் பார்த்தால் கரகரவென்று உரசுகிறது. கோனை அசைக்கிற கம்பிச்சுருள், அதாவது வாய்ஸ் காயில், வெந்துவிட்டது. சப் தாங்குவது 300 வாட்ஸ். சப்பின் தடை 2 ஓம், அதில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) தள்ளுவது 600. "கெயினைக் குறைச்சுத்தான் வச்சிருக்கேண்ணே" என்று சொல்லித்தான் கடைப் பையன் மாட்டிக் கொடுத்தான்.

கெயின் என்பது பூட்டு இல்லை. செட்டின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துகிற திருகு, அவ்வளவுதான். ஒழுங்காக வைப்பதென்றால் சப் வயரைக் கழற்றி, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஆம்பின் அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைக்க வேண்டும். 300ஐ 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 24.5 வோல்ட். கெயினை அங்கே நிறுத்தலாம், செலவும் இல்லை. ஆனால் என் மச்சினன் பூஸ்ட்டை 6 டெசிபல் ஏற்றினால் ஆம்பிடம் நாலு மடங்கு பவர் கேட்கிறான். அதனால் தர முடியாது. அலையின் தலை வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட அலை, ஆம்பின் கணக்கு வாட்ஸைப் போல இரண்டு மடங்குவரை போகும்.

டிஎஸ்பியில் (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) வரும் லிமிட்டர், சிக்னலை ஓர் அளவுக்கு மேல் விடாத உண்மையான பூட்டு. விலைதான் இடிக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் கெயினை யாராவது திருகினால் அதுவும் வீண். சில ஆம்புகளில் வரும் கிளிப் லிமிட்டர் வேறு சங்கதி: அலை வெட்டுப்படாமல் பார்க்கும், சுத்தமான 600 வாட்ஸைத் தடுக்காது. சின்ன ஆம்ப் வாங்கலாம். பழையதை யார் தலையில் கட்டுவது?

நான் எடுத்தது வயரிங் வழி. புது சப்பும் இரட்டை 4 ஓம் காயில். பேரலலில் 2 ஓம், சீரியலில் 8 ஓம். சீரியலில் மாட்டினேன், அதே ஆம்ப் இப்போது சுமார் 150 வாட்ஸ்தான் தரும். அலை முழுக்க வெட்டுப்பட்டாலும் 300ஐத் தாண்டாது. 300 வாட்ஸோடு பார்த்தால் நஷ்டம் 3 டெசிபல். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இன்ஜின் கத்தும்போது தெரிகிறது, இறக்கத்தில் தெரியவில்லை. ஒற்றைக் காயில் சப் என்றால் இந்த வழி கிடையாது, டிஎஸ்பிக்குத்தான் போக வேண்டும். அப்புறம், போர்ட் பெட்டி (காற்றுத் துளை உள்ள பெட்டி) வைத்தவர்கள், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டரையும் போடுங்கள். பெட்டியின் ட்யூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைப் பிடிக்கக் காற்று இருக்காது, 150 வாட்ஸே எகிற வைத்துவிடும்.

சீரியல் இணைப்பைப் பெட்டிக்குள் ஈயம் வைத்து மூடியாயிற்று. மச்சினன் இன்னமும் பூஸ்ட்டை ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறான்.