38,500 ரூபாய்க்கு நான் வாங்கிய போலி ‘ஸ்திரேலா’: பழைய ரஷ்யக் கடிகாரம் வாங்குகிறவர்கள் படித்துவிடுங்கள்

போன சனிக்கிழமை மாலை, அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தபோதுதான் நான் ஏமாந்துபோனது தெரிந்தது. தால் பூரிக்குப் பருப்பை இருபது நிமிடம் வேகவிட வேண்டும் என்றாள் மனைவி. “அதற்குத்தானே இது இருக்கிறது” என்று புதிதாக வந்திருந்த கடிகாரத்தில், ஸ்டாப்வாட்சை ஓடவிடும் மேல் பொத்தானைப் பெருமையோடு அழுத்தினேன். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் ஆனபோது, என் கையில் இருந்ததன் முகப்பில், சின்ன வட்டத்துக்குள் நிமிடங்களை எண்ணும் முள் முப்பதில் நின்றது. பருப்பு பக்குவமாக வெந்திருந்தது. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

38,500 மொரிஷியஸ் ரூபாய். ஆண்டிறுதி போனஸ் அப்படியே போய்விட்டது. தபால் நிலையத்தில் கட்டிய வரி தனி.

நான் புதியவன் அல்லன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பது தொழில். சாவி கொடுக்கும் ரஷ்யக் கடிகாரங்கள் ஆறு வருடப் பைத்தியம். வீட்டில் வஸ்தோக் மூன்று, ராக்கெத்தா இரண்டு, ஒரு பபேதா உண்டு. ஸ்திரேலா மட்டும் இல்லை. ஸ்திரேலா என்றால் ரஷ்ய மொழியில் அம்பு. மாஸ்கோ முதலாம் கடிகாரத் தொழிற்சாலை 1959இல் கொண்டுவந்தது, உள்ளே 3017 எண் இயந்திரம், சக்கர அச்சுகளைத் தாங்க 19 கல். 1965 மார்ச் 18 அன்று சோவியத் விண்வெளி வீரர் லியோனவ் விண்கலத்தை விட்டு வெளியே வந்து மிதந்தபோது அவரிடம் இருந்தது இந்த வகைக் கடிகாரம்தான் என்பார்கள். அதற்காகவே விலை ஏறிக் கிடக்கிறது.

விற்ற இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. உலகம் முழுவதும் பழைய பொருள்களை விற்கும் ஓர் இணையச் சந்தை, அவ்வளவுதான். ரஷ்யாவிலிருந்து விற்றவன் எட்டுப் படங்கள் போட்டிருந்தான். ‘1965ஆம் ஆண்டுக் கடிகாரம், எல்லாம் அசல்’ என்று எழுதியிருந்தான். நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவனே எழுதினான்: “கண்ணாடியில் ஒன்பது மணிக்குப் பக்கத்தில் மெல்லிய கீறல் ஒன்று இருக்கிறது. உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.”

அங்கேதான் விழுந்தேன். கேட்காமலே குறையைச் சொல்கிறவன் பொய் சொல்லுவானா என்று நினைத்தேன். பின்மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்து வைத்திருந்தேன். அப்படிக் கேட்டால் அந்த நல்ல மனிதர் வருத்தப்படுவாரோ என்று கேட்காமல் விட்டேன். என் மரியாதையைக் கொண்டுபோய் உடைப்பில் போட!

அடுத்து பணம். 2022 மார்ச்சிலிருந்து விசா, மாஸ்டர்கார்டு ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டன, அது உண்மை. அந்த உண்மையைத்தான் அவன் கயிறாகத் திரித்தான். “சந்தை வழியாக அனுப்பினால் எனக்கு வந்து சேராது. வேறொரு நாட்டில் என் மைத்துனர் இருக்கிறார், அவர் கணக்குக்கு நேராக அனுப்புங்கள், 3,000 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்” என்றான். 41,500 கேட்டவன் 38,500க்கு இறங்கினான். நானும் வங்கிக்கு நடந்துபோய் அனுப்பிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ரோஸ்ஹில்லில் எனக்குத் தெரிந்த கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் போனேன். பின்மூடியைத் திருகி எடுத்து, கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. “நீயே பார்” என்று லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார். 3017இல் கோட்டை மதில்போலச் சின்னத் தூண்கள் நிற்கும் ஒரு சக்கரம் இருக்கும்; பொத்தானை அழுத்தினால் நெம்புகோல்கள் அதன் இடுக்குகளில் விழுந்து எழும். இதில் அது இல்லை. அந்த வேலையைச் செய்ய ஒரு தட்டைத் தகடு. பக்கத்தில் பளிச்சென்று 3133 என்ற எண், 23 கல். 3133 மோசமான இயந்திரம் அல்ல. சுவிட்சர்லாந்தின் வால்ஜூ 7734ஐ ஒட்டி மாஸ்கோவில் செய்த உறுதியான சாமான். ஆனால் அது வந்ததே 1976இல். 1965 கடிகாரத்துக்குள் அது எப்படிப் புகுந்தது? விலையும் 3017க்குக் கிட்டே வராது.

பருப்புக் கணக்கும் அப்போதுதான் பிடிபட்டது. 3017இல் அந்தச் சின்ன வட்டத்து முள் ஒரு சுற்றுக்கு 45 நிமிடம் எடுக்கும். 3133இல் 30. புதிதாக அச்சடித்த முகப்பில் 45 என்று போட்டுவிட்டு, அடியில் 30இல் சுற்றும் இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. வந்த கடிகாரத்தின் கண்ணாடியில் கீறலே இல்லை. அதுகூடப் பொய்.

எழுதிக் கேட்டேன். அவன் பதில்: “19 கல்லுக்குப் பதில் 23 கல் கிடைத்திருக்கிறது, உங்களுக்கு லாபம்தானே?” இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். அறுபதுகளில் இந்தத் தீவிலேயே கடிகாரக் கற்களுக்குத் துளையிடும் தொழிற்சாலை இருந்தது. பெரியம்மா இளவயதில் அங்கே வேலை பார்த்தவர். “அது செயற்கைக் கெம்பு, தம்பி. தேயாமல் இருக்க வைப்பது. நாங்கள் அதைக் குவியல் குவியலாகப் பார்த்திருக்கிறோம்” என்றார்.

இணையச் சந்தைக்கு எழுதினேன். எங்களுக்கு வெளியே செலுத்திய தொகைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். மறுபடி எழுதினேன், அதே வாக்கியம் எழுத்து மாறாமல் வந்தது. வங்கியில் இருந்த பெண், “நீங்கள்தானே ஐயா கையெழுத்துப் போட்டீர்கள்?” என்றாள். ஆமாம், நான்தான் போட்டேன். 38,500க்கு.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கு அந்தப் பொறுமை இல்லை. இயந்திரத்தின் படம் இல்லாமல் வாங்காதீர்கள். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் இயந்திரத்தின் விட்டம், மில்லிமீட்டரில்; 2409 என்றால் 24, 3133 என்றால் 31. அடுத்த இரண்டும் அதன் வகை. முகப்பு சொல்வதும் எண் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அறுபது வருடக் கடிகாரத்தில் முகப்பு மட்டும் நேற்று அச்சடித்ததுபோல் இருந்தால் விட்டுவிடுங்கள். வஸ்தோக்கில் சாவி கொடுக்கும் குமிழ் ஆடுகிறது என்று பயப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும். மைத்துனர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

இன்று காலை அதே சந்தையில் பார்த்தேன். அதே ஆள், அதே எட்டுப் படங்கள், ஒன்பது மணிக்குப் பக்கத்தில் அதே கீறல். விலை 43,000 ஆக ஏறியிருக்கிறது.