நோவா ஹுட்டா நடைச்சுற்றுலா: கிராக்கோவ் போனால் அரை நாள் ஒதுக்குங்கள்

சிங்கப்பூரிலிருந்து போலந்து போகிறவர்கள் பழைய நகரச் சதுக்கம், உப்புச் சுரங்கம், ஆஷ்விட்ஸ் வதைமுகாம் மூன்றையும் பார்த்த கையோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். டிராமில் கிழக்கே போனால் நோவா ஹுட்டா. நம்மைப் போல வீவக (அரசு அடுக்குமாடி) பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது.

கம்யூனிஸ்ட் அரசு 1949ல் வயல்வெளியில் எழுப்பத் தொடங்கிய தொழிலாளர் நகரம் அது. 1951ல் கிராக்கோவோடு சேர்த்தார்கள், 1954ல் லெனின் பெயரில் உருக்காலை ஓடத் தொடங்கியது. இதையெல்லாம் வழிகாட்டி ஒப்பிக்கவில்லை, நடக்க வைத்தே சொன்னார். மத்தியச் சதுக்கத்திலிருந்து சாலைகள் விரிந்து போகின்றன, ஒரு குடியிருப்பின் உள்முற்றத்துக்குள் நுழைந்தால் வெளிச்சத்தமே இல்லை, பள்ளி, குழந்தைகள் காப்பகம், கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில். அப்புறம் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய்ப் போர்க்காலப் பதுங்கறையின் இரும்புக் கதவைத் திறந்து காட்டினார். தடிமன் ஒரு கை அகலம் இருக்கும், உள்ளே கையால் சுற்றிக் காற்று இழுக்கும் இயந்திரம். அரிசி மூட்டையும் பெட்டியும் அடுக்கிவைக்கும் நம் வீட்டு பாம் ஷெல்டர்தான் ஞாபகம் வந்தது. உருக்காலைக்குப் பெயர் தந்த லெனினின் சிலை 1973லிருந்து 1989 வரை நின்ற இடத்தையும் காட்டினார். மத்தியச் சதுக்கத்துக்கோ இப்போது அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகன் பெயர்!

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்போமே, அந்த மக்களும் அதைத்தான் கேட்டார்கள். தேவாலயத்துக்கென்று நட்ட சிலுவையை அகற்ற 1960 ஏப்ரலில் ஆட்கள் வந்தபோது பெண்கள் முன்னால் நின்று தடுத்தார்கள், கலவரமே வெடித்தது. பிறகு 1967ல் தேவாலய வேலை தொடங்கி, மக்கள் தாங்களே உழைத்துக் கட்டி, 1977ல் கார்டினல் கரோல் வோய்த்திவா திறந்துவைத்தார். மறுவருடமே அவர் போப் இரண்டாம் ஜான் பால் ஆனார். கப்பல் வடிவம், சுவர் முழுக்கக் கூழாங்கல்.

குறை சொல்ல வேண்டுமென்றால், இவ்வளவு கதை கேட்ட பிறகு தேவாலயத்துக்குள் நிற்கக் கொடுத்த நேரம் போதவே இல்லை. உருக்காலையையும் வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், மலிவு உணவகங்களில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த, கொழுக்கட்டை மாதிரியான பியெரோகி கிடைக்கும், மேலே பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.