பெட்ரோலியம் ஜெல்லி: ஐந்து வருடம், ஐந்து டப்பா, தீராத ஒரு எரிச்சல்

கீழக்கரையிலிருந்து மச்சான் நேற்று ராத்திரி போன் செய்தான். அவன் வீட்டுக்காரம்மா, எனக்குத் தங்கச்சி முறை, நர்ஸாக வேலைக்குப் போகிறது. நாள் முழுக்கக் கை கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடித்து, குழம்புக்குப் புளி கரைக்கக்கூட முடியவில்லையாம். "கொரோனா நேரத்துல உனக்கும் இப்படித்தானே இருந்துச்சு, என்னத்தப் போட்ட?" என்றான். போனில் பாதி சொன்னேன், மீதி இங்கே.

எனக்குப் பாம்பனில் கருவாட்டுக் கடை. 2020-ல் ஊரடங்கு, கூடவே ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம். பச்சை மீன் கிடைக்காத நேரத்தில் நெத்திலியும் காரலும் கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் காசு வாங்கியதும் சோப்புப் போட்டுக் கழுவி, அது போதாதென்று சானிடைசரையும் தேய்ப்பேன். பத்தே நாளில் விரல் மடிப்பெல்லாம் கீறிவிட்டது. அந்தக் கீறலோடு மூட்டைக்குள் கையை விட்டால் கருவாட்டு உப்பு உள்ளே இறங்கும் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

நான் திட்டியதெல்லாம் சானிடைசரைத்தான். 200 மில்லி 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் விலை வைத்திருந்த சமயம், எதையோ சல்லிசாகக் கேனில் வாங்கி வந்திருந்தேன், சாராய நெடி. நல்ல சரக்கில் தோல் காயாமல் இருக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள், உலக சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறையிலேயே 1.45 சதவீதம் உண்டு. என் கேனில் அது இருந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் தோலைக் கெடுத்ததில் பெரிய பங்கு சோப்புக்குத்தான், சானிடைசர் போய் எரிந்தது ஏற்கெனவே வெடித்திருந்த இடத்தில் என்று ராமநாதபுரத்தில் பார்த்த தோல் டாக்டர் சொன்னார். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு லேசில் நுரைக்காது, நுரை வரும்வரை தேய்ப்போம், அப்புறம் திரிதிரியாகக் கையில் ஒட்டியிருப்பதைக் கழுவ இன்னும் தேய்ப்போம். இரண்டையும் அடுத்தடுத்துப் போடாதே, கை அழுக்காக இருந்தால் சோப்பு, இல்லையென்றால் சானிடைசர் என்றார். கருவாட்டுப் பிசுக்குள்ள கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். ராத்திரி கையைக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் ஜெல்லியைப் பூசி, பழைய பருத்திக் காலுறையைக் கைக்கு மாட்டிக்கொண்டு படுப்பேன். (வீட்டில் சிரித்த சிரிப்பை எழுத இடம் போதாது.) ஜெல்லி ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையில் குறை சொல்ல முடியாது, ஒரு வாரத்தில் உப்பு எரியவில்லை. அம்மா சொன்ன தேங்காய் எண்ணெயையும் பார்த்தேன், வாசம் நல்ல வாசம், விடிவதற்குள் தலையணைக்குப் போய்விடுகிறது.

ஆனால் இந்தக் கைரேகை மெஷின் இருக்கிறதே! ரேஷன் கடையில் காய்ந்த விரலை வைத்தால் ரேகை விழாது. சரியென்று ஜெல்லி தடவிய விரலை வைத்தால் கண்ணாடியே மங்கிப் போய் அதுவும் விழாது. "அண்ணே, தொடச்சுட்டு வைங்க" என்பார் அந்தத் தம்பி. சட்டையில் துடைப்பேன், வராது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை, மறுபடி வலது கை, பின்னால் நிற்கிற அக்கா "இவருக்கு ரேகையே இல்லையா" என்று கேட்கும்வரை போகும். போனுக்கு ஓடிபி வரவைத்து அரிசி வாங்கிய மாதங்கள் உண்டு. இந்த ஐந்து வருடத்தில் தோல் ஆறிவிட்டது, இந்த மானக்கேடு ஆறவில்லை. ரேஷனுக்கு முந்தின ராத்திரி பூசாமல் படுத்துப் பார்த்தேன், காலையில் விரல் சுருக்கென்று இழுக்கிறது. பகலில் பூசலாமா என்றால் நெத்திலிச் செதில் ஒட்டுகிறது, பத்து ரூபாய் நோட்டு ஒட்டுகிறது, தராசில் என் விரல் தடம் கிடக்கிறது.

மச்சான், தங்கச்சியிடம் ஒன்று மட்டும் மறக்காமல் சொல். டியூட்டியில் லேடெக்ஸ் கையுறை போடுவதாக இருந்தால் ஜெல்லி பூசிய கையில் போடக் கூடாது, பெட்ரோலியம் பட்டால் அந்த ரப்பர் கெட்டுக் கிழியும். ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அதோடு வெடிப்பில் நீர் கசிந்தாலோ சீழ் வைத்தாலோ டப்பாவை மூடிவிட்டு டாக்டரிடம் போகட்டும்.

எத்தனை மார்க் போடுவாய் என்று கேட்டாய். பத்துக்கு மூன்று, அதுவும் கோபம் கொஞ்சம் தணிந்ததால். ஐந்தாவது டப்பாவில் அடியில் விரல் தட்டுகிறது, மண்டபம் பக்கம் வந்தால் பெரிய டப்பாவாக ஒன்று வாங்கி வா, காசு தந்துவிடுகிறேன்.