முழுநேர கிளினிக்கல் டைரக்டரா, வாரம் ஒருநாள் வரும் டாக்டரா?

குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை தரும் டிரஸ்ட் ஒன்றில் கவுன்சலர்கள் ஐந்தாறு பேர் ஆனதும் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: சிகிச்சைப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது? பெயர் பெற்ற மனநல மருத்துவர் ஒருவரைச் சனிக்கிழமைதோறும் வரவழைத்து, அவர் பெயரையே லெட்டர்ஹெட்டில் போட்டுக்கொள்வது ஒரு வழி. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டையோ, அனுபவமுள்ள மனநல சமூகப் பணியாளரையோ முழுநேரச் சம்பளத்தில் கிளினிக்கல் டைரக்டராக, அதாவது சிகிச்சைப் பொறுப்பாளராக, அமர்த்துவது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தவர்கள். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். வருகை மருத்துவருக்குச் செலவு குறைவு: தொழில்முறைக் கட்டணம், அதில் 10 சதவீதம் டி.டி.எஸ்., அவ்வளவுதான். பி.எஃப்., கிராஜுவிட்டி பற்றிய கவலை இல்லை. நன்கொடையாளர்களிடம் 'எம்.டி. சைக்கியாட்ரி' என்ற எழுத்துகளுக்குத் தனி மரியாதை உண்டு. கவனக்குறைவு மிகைச் செயல்பாடு (ஏ.டி.எச்.டி.) உள்ள பிள்ளைக்கு மெத்தில்ஃபெனிடேட் மருந்து எழுதித் தரவும் அவரால்தான் முடியும். முழுநேர ஆளோ லேசில் கிடைப்பதில்லை. சென்னை, கோவையைத் தாண்டினால் விளம்பரம் மாதக்கணக்கில் கிடக்கும்.

இதையெல்லாம் மீறி எங்களை முடிவுக்குத் தள்ளியது ஒன்றே ஒன்று: மருத்துவர் வராத மற்ற ஐந்து நாட்கள்.

செவ்வாய் மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புச் சிறுமி படம் வரைந்துகொண்டிருக்கிறாள். க்ரேயானைக் கீழே வைத்துவிட்டு, "மாமா ராத்திரி பக்கத்துல வந்து படுத்துக்கறாரு" என்கிறாள். எதிரே இருப்பவர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து இரண்டு வருடம் ஆன கவுன்சலர். அடுத்த பத்து நிமிடத்தில் அவர் செய்வதும் செய்யாமல் விடுவதும் பின்னால் நீதிமன்றம் வரை போகும். "இங்க தொட்டாரா?" என்று எடுத்துக்கொடுக்கக் கூடாது, "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதோடு நிற்க வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தை சொன்ன சொல்லை அப்படியே, தான் கேட்ட கேள்வியோடும் நேரத்தோடும் எழுத வேண்டும். 'பாலியல் சீண்டல் நடந்ததாகத் தெரிகிறது' என்று கவுன்சலர் தன் நடையில் எழுதிவைத்தால், குறுக்கு விசாரணையில் முதலில் உதிர்வது அந்த வாக்கியம்தான். பிறகு அவசரமாகத் தெரிய வேண்டியவை: அந்த மாமா அதே வீட்டில் இருக்கிறாரா, இன்று இரவு குழந்தை எங்கே தூங்கும், அம்மா யார் பக்கம். இது தெரியாமல் வீட்டுக்கு போன் போட்டால் குழந்தையைச் சொன்னதை மாற்றிச் சொல்லவைத்துவிடுவார்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலோ, தெரிந்தவர் உள்ளூர் போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தே ஆக வேண்டும். தவறினால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விடும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. டிரஸ்டியின் அனுமதியோ டாக்டரின் கையெழுத்தோ இதற்குத் தேவையில்லை. பிள்ளை 17 வயதில் விரும்பிப் பழகியதாகச் சொல்லும் உறவும் இதே சட்டத்துக்குள் வந்துவிடலாம். கவுன்சலர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

வருகை மருத்துவர் மட்டும் இருக்கும் அமைப்பில் என்ன நடக்கிறது? "சனிக்கிழமை டாக்டர் வரட்டும், கேட்டுக்கலாம்." ஃபைல் அலமாரிக்குப் போகும். நடுவில் நான்கு இரவுகள். கொஞ்சம் துணிச்சலான கவுன்சலர் என்றால் குழந்தையின் பெயரோடு வாட்ஸ்ஆப்பில் விவரம் அனுப்புவார், டாக்டர் ஓ.பி. நெரிசலுக்கு நடுவே 'சனிக்கிழமை பார்க்கலாம்' என்று பதில் போடுவார். டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு ஒதுக்கிய நேரமே அவ்வளவுதான். ஆனால் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வலியுறுத்தும் ரகசியக் காப்பு அந்த ஒரு செய்தியிலேயே ஓட்டையாகிவிட்டது.

பிளஸ் டூ ரிசல்ட் வாரம் வந்தால் இதே கதை வேறு வடிவில் வரும். 'செத்துப்போயிடலாம்னு இருக்கு' என்று பிள்ளை சொன்னால் அன்றே நேரடியாகக் கேட்க வேண்டும்: எண்ணம் மட்டுமா, வழி யோசித்தாயா, முன்பு முயன்றிருக்கிறாயா. பெற்றோரை அன்றே வரவழைத்து, வீட்டிலுள்ள பூச்சிமருந்து, எலி மருந்து, மிச்ச மாத்திரைகளை வெளியேற்றவோ பூட்டிவைக்கவோ சொல்ல வேண்டும். இரவில் கூட இருப்பவர் யார் என்று பெயரோடு எழுத வேண்டும். 14416, 104 என்ற உதவி எண்களைக் கையில் கொடுக்க வேண்டும். கேள்விகள் எந்தப் பயிற்சியிலும் கிடைக்கும். பதிலைக் கேட்டபின் 'வீட்டுக்கு அனுப்பலாமா, இப்போதே மருத்துவமனையா' என்ற தீர்ப்பைத்தான் தனியாளாக எடுக்கவிடக் கூடாது. பக்கத்து அறைக் கதவைத் தட்டினால் ஒருவர் இருக்க வேண்டும். முழுநேர டைரக்டருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பாதி இந்தக் கதவுக்குத்தான்.

மறு பாதி சூப்பர்விஷனுக்கு, அதாவது கவுன்சலர்களின் கேஸ்களை மேற்பார்த்து வழிகாட்டுவதற்கு. ஆறு கவுன்சலர்கள் என்றால் எங்கள் வாரக் கணக்கு இப்படி: ஆளுக்கு ஒரு மணி நேரம் தனிச் சூப்பர்விஷன், மொத்தம் 6, குழுவாக கேஸ் பேச 2, குறிப்புகள் வாசிக்க 4, கவுன்சலரோடு கூட உட்கார்ந்து அமர்வு பார்க்க 3, புதுக் குழந்தைகளின் முதல் மதிப்பீட்டுக்கு 4, பள்ளி, குழந்தைகள் நலக் குழு, பெற்றோர் சந்திப்புக்கு 4, அறிக்கைகளுக்கு 5, சொந்த கேஸ்களுக்கு 6. ஆக 34. மீதி 6 மணி நேரம் காலியாக விட்டது, மேலே சொன்ன செவ்வாய்க்கிழமைகளுக்காக. அதை யாராவது 'வேலையில்லாத நேரம்' என்று பார்த்து மீட்டிங் வைத்தால் மொத்த ஏற்பாடும் குலைந்துவிடும்.

குறிப்பு வாசிப்பதில் என்ன கிடைக்கும்? 'ராப்போ (குழந்தையோடு ஏற்பட்ட இணக்கம்) நன்றாக உள்ளது' என்று ஐந்து அமர்வாக ஒரே வரி இருந்தால் கவுன்சலர் சிக்கி நிற்கிறார் என்று பொருள். குழந்தையின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களை அளக்கும் எஸ்.டி.க்யூ. படிவத்தில் 25 கேள்விகள். ஆனால் மொத்தப் பிரச்சினை மதிப்பெண்ணுக்கு 20 மட்டுமே சேரும், உச்சம் 40. பிறரோடு இணங்கும் தன்மை பற்றிய ஐந்தைச் சேர்க்கக் கூடாது. தவிர, ஐந்து கேள்விகளுக்குத் தலைகீழாக மதிப்பெண் போட வேண்டும். புதியவர்கள் இந்த இரண்டு இடத்திலும் தவறாமல் வழுக்குவார்கள். பிள்ளை தேறிவருகிறானா என்பதே தப்பாகப் பதிவாகும். ஆசிரியர் படிவத்தில் மதிப்பெண் இறங்கி, பெற்றோர் படிவத்தில் அப்படியே நின்றால் வேலை இனி வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை வருபவர் கண்ணில் இதெல்லாம் படாது. அன்று அவர் முன்னால் இருபது குழந்தைகள் வரிசையில் இருப்பார்கள், கவுன்சலர் ஃபைலை நீட்டும் ஆளாகச் சுருங்கிவிடுவார். நாளடைவில் மருந்து தேவைப்படாத கேஸ்களை யாருமே கேட்பதில்லை. நல்ல கவுன்சலர்கள் வேறு இடம் தேடுவதற்குச் சம்பளம் மட்டும் காரணமல்ல. போகிறவரோடு பதினைந்து இருபது குழந்தைகளின் நம்பிக்கையும் போய்விடும்.

முழுநேர ஏற்பாடு கெட்டுப்போகும் விதங்களும் உண்டு. முதலாவது, டைரக்டரைத் திட்ட அறிக்கை எழுதவும் நன்கொடையாளர் வருகையைக் கவனிக்கவும் இழுத்துவிடுவது. இரண்டு காலாண்டு இப்படிப் போனால் சூப்பர்விஷன் நேரம்தான் முதலில் பலியாகும், ஏனென்றால் அதற்குக் கெடு தேதி கிடையாது. இரண்டாவது, எல்லா முடிவும் அவர் மேசையில் குவிந்து, அவர் லீவு போட்டால் அமைப்பே நின்றுபோவது. மூத்த கவுன்சலர் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து, மாதத்தில் சில நாட்கள் அழைப்புப் பொறுப்பை அவரிடம் விட்டால் சமாளிக்கலாம். மூன்றாவது, சைக்காலஜிஸ்ட்டை டைரக்டராக்கியதால் எல்லாவற்றையும் பேசியே தீர்க்கப் பார்ப்பது; வலிப்பையோ தைராய்டு கோளாறையோ 'கவனமின்மை' என்று மாதக்கணக்கில் ஆலோசனையில் வைத்திருப்பது. முதல் மதிப்பீட்டிலேயே உடல் பரிசோதனைக்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

பணத்தில் ஒரு கண்ணி. வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பென்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50-லிருந்து 20 சதவீதமாக இறங்கிவிட்டது. 'டைரக்டர்' என்ற சொல்லைப் பார்த்ததும் கணக்கர் சம்பளத்தை நிர்வாகத் தலைப்பில் தள்ளிவிடுவார். நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவு, உதாரணமாக மருத்துவமனையில் மருத்துவர் சம்பளம், நிர்வாகச் செலவில் சேராது என்று விதியே சொல்கிறது. எனவே நியமன உத்தரவில் நேரடிச் சிகிச்சை, சிகிச்சை மேற்பார்வை என்று வேலையை விரித்து எழுதி, வார நேரப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஆடிட்டரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. மார்ச்சில் பேசினால் வேலைக்காகாது.

வருகை மருத்துவர் வழியே சரி என்று தோன்றும் இடங்களும் இருக்கின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆட்டிசம், வலிப்பு, அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகள் என்றால் மருத்துவத் தலைமைதான் பொருந்தும். இரண்டே கவுன்சலர் உள்ள டிரஸ்ட்டுக்கு முழுநேர டைரக்டர் ஆடம்பரம். வாரம் மூன்று மணி நேரம் வெளியிலிருந்து சூப்பர்விஷன் வாங்கிக்கொள்ளலாம். முழுக்கக் கிராமப்புற அமைப்புகளில் எங்கள் அனுபவம் குறைவு. அங்கே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரோடு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறலாம்.

முழுநேர ஆளை எடுத்தாலும் மருத்துவரை விட்டுவிட முடியாது. மாதம் இரண்டு வருகைக்கு ஒப்பந்தம் போடும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: இரண்டு வருகைகளுக்கு நடுவே டைரக்டர் மட்டும் அழைக்கக்கூடிய ஒரு எண்ணும் பதில் சொல்ல வேண்டிய கால வரம்பும், அவசரத்தில் குழந்தையை அனுப்ப வேண்டிய மருத்துவமனையின் பெயர், மருந்து தொடங்கிய குழந்தைக்கு மறுபரிசோதனைத் தேதி, அவர் ஊரில் இல்லாதபோது யாரைக் கேட்பது. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தேவைப்படுவதோ பெரும்பாலும் மே மாதத்தில், ரிசல்ட்டும் டாக்டரின் கோடை விடுமுறையும் ஒரே வாரத்தில் வரும்போது.